சுண்ணாம்பு யார்டில் பழசான விளக்கு

பாலாற்றில் மணலையும், மணல் போன பிறகு முள்ளுச் செடியையும் பார்த்து வளர்ந்தவன் நான். நீச்சல் தெரியாது. குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்தில் ஒரே ஒரு முறை படகில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவன் ஒரு பழைய படகு மோட்டாருக்குப் பழங்கால விளக்கு மாட்டப் போனேன். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் எனக்கு மெயின்டனன்ஸ் போர்மேன் வேலை. தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம், பாய்லர், பம்பு, முதலாளி அறை ஏசி, எது நின்றாலும் என்னைத் திட்டுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

முதலாளி எண்பதைத் தாண்டியவர். அவரைப் பெரியவர் என்போம். அவர் மகனைச் சின்னவர் என்போம். சின்னவருக்கே தலை நரைத்துப் பேரன் பிறந்தாகிவிட்டது. ஆனாலும் பெரியவர் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவரை அவர் சின்னவர்தான். இதில் அவருக்கு இருந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

பெரியவரின் நாக்கு எப்படிப்பட்டதென்றால், தோல் சீவுகிற கத்தி தேவலை. கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுக்கொண்டு அழுதார். பெரியவர் மைக்கைப் பிடித்து, "இத்தினி வருசமா இந்த மூஞ்சியப் பாத்தவன் நானு. அழுவுறதுன்னா நான்தான்டா அழுவணும், நீ ஏன் அழுவுற?" என்றார். தொழிற்சாலையே சிரித்தது. அழுதவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பெரியவர் ஒன்று சொன்னால் முதலில் சிரிப்பது என் வேலையில் சேர்ந்தது என்றே நினைத்திருந்தேன். மற்ற போர்மேன்கள் மாறி மாறிப் போனார்கள், நான் தங்கினேன். ரிப்பேர் வேலையால் தங்கினேன் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

இந்த மோட்டார் எங்கள் கோடவுனில் ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. படகின் பின்பக்கம் கவ்வி வைத்து, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்கிற பெட்ரோல் மோட்டார். மேலே தலை மாதிரி இன்ஜின், கீழே தண்ணீருக்குள் போகிற நீண்ட கால், காலின் நுனியில் சின்ன விசிறி. பெரியவரின் அப்பா வாங்கியதாம். கணியம்பாடி பக்கம் அவர்களுக்கு இருக்கும் பண்ணையில் பெரிய குட்டை உண்டு. அந்தக் காலத்தில் அதில் படகு விட்டுச் சுற்றுவார்களாம். குட்டை வறண்டதும் மோட்டார் கோடவுனுக்கு வந்துவிட்டது. இப்போது நல்ல மழை பெய்து குட்டை நிறைந்ததும் பெரியவருக்கு மோட்டார் ஞாபகம் வந்தது. வந்தது மோட்டார் மட்டும் அல்ல.

"அதுல ஒரு வெளக்கு இருந்துச்சு. பித்தளை வெளக்கு. அது எங்கடா?" என்றார் ஒருநாள், டீ குடிக்கும் நேரத்தில், எல்லோர் முன்னாலும்.

"வெளக்கா? அதுல வெளக்கே கெடையாதுப்பா," என்றார் சின்னவர்.

"மோட்டாருக்கு மேல, முன்னாடி. எங்கப்பா துணி வச்சுத் தொடப்பாரு."

"இல்லப்பா. உங்களுக்குக் குழப்பம்." சின்னவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "போன வாரம் எனக்குத் தெரிஞ்சு செத்துப் போன, நம்மகிட்ட தோல் வாங்குன ஒரு பையருக்கு போன் போடச் சொன்னாரு. நான் எந்த நம்பர்னு தெரியாம முழிச்சேன்."

எல்லோரும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீ டம்ளரையே பார்த்தார்கள். எனக்கும் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு நிலைமை அதுதான் முதல் தடவை.

மறுநாள் சின்னவர் என்னை ஏசி அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குக் காது சூடாகிவிட்டது. பயம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். அப்புறம் வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும். அது என்ன பேசும் என்று எனக்கே தெரியாது.

"வர்ற ஞாயித்துக்கிழமை பண்ணையில சாப்பாடு. வேலூர்லேருந்து என் தோஸ்த் ஒருத்தர் வர்றாரு, டாக்டர். அப்பாவுக்கு அவர் டாக்டர்னு தெரிய வேணாம். சும்மா பேசிட்டிருப்பாரு. ஞாபகம் ரொம்பத் தப்பிடுச்சுன்னு அவருக்குத் தோணுனா எழுதிக் குடுத்துடுவாரு. அப்புறம் அப்பா வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

"நல்லதுங்க சார்," என்றது என் வாய்.

"நீ அந்த மோட்டாரை எறக்கித் தொடச்சு, பண்ணைக்கு எடுத்துட்டு வா. அப்பா கண்ணு முன்னாடி படகுல மாட்டு. வெளக்கு இல்லன்னு அவரே பாக்கட்டும். டாக்டரும் பாக்கட்டும்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, "மெயின்டனன்ஸ் வேலைய கான்ட்ராக்டுக்கு விடலாம்னு ஒரு யோசனை இருக்குது. அப்பா ஒத்துக்க மாட்டேங்குறாரு. அதுவும் அப்புறம் ஈஸியாயிடும்," என்றார், சிரித்துக்கொண்டே.

அதாவது, பெரியவர் நாற்காலியில் இருக்கும்வரைதான் நான் இருக்கிறேன். அந்த மோட்டாரில் விளக்கு இருந்தது என்று ஆகிவிட்டால் பெரியவர் பிழைப்பார், நானும் பிழைப்பேன். இல்லையென்றால் இரண்டு பேரும் வீட்டுக்கு. அவருக்காவது பெரிய வீடு.

மோட்டாரை இறக்கி, பல வருஷத் தூசியை டீசல் போட்டுக் கழுவினேன். மேல்மூடியின் முன்பக்கத்தில் விரலுக்கு என்னவோ தட்டுப்பட்டது. சுரண்டிப் பார்த்தேன். மக்குப் பசை வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்த இரண்டு ஓட்டைகள். பக்கத்தில் ஒயர் போக ஒரு சின்ன ஓட்டை. பெரியவர் சொன்னது நிஜம். அங்கே விளக்கு இருந்திருக்கிறது.

புத்தி உள்ளவன் என்ன செய்வான்? ஓட்டையைச் சுரண்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காட்டுவான். வேலை முடிந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. வெறும் ஓட்டையைக் காட்டினால் சின்னவர் துரு அரித்தது என்பார், போல்ட் ஓட்டை என்பார், டாக்டர் தலையாட்டுவார், கான்ட்ராக்ட்காரன் என் ஸ்பேனரை எடுத்துக்கொள்வான் என்று இரவெல்லாம் படம் ஓடியது. விளக்கே வேண்டும், பழைய விளக்கே கோடவுனில் கிடைத்துவிட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் மனைவி கேட்டுவிட்டு, "ஓட்டையக் காட்டுனாப் போதுமேய்யா," என்றாள்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனுக்குத் தெரியாதுதான். உனுக்குத்தான் காது செவந்துகெடக்குது, பாரு."

ஆன்லைனில் ஒரு பித்தளைப் படகு விளக்கு வாங்கினேன். 'அந்தக் காலத்து விளக்கு' என்று போட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் கல்யாணப் பெண் மாதிரி மின்னுகிறது. அந்தக் காலம் இருந்தது படத்தில் மட்டும்தான்.

இதைப் பழசாக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. தோலிலிருந்து முடி கழலுவதற்காகச் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு ஊற வைக்கிற இடத்தைச் சுண்ணாம்பு யார்டு என்போம். அழுகின முட்டை வாடை வரும். அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் வெள்ளிக் கொலுசைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். மறந்து போட்டுவந்தால் சாயங்காலத்துக்குள் கொலுசு கரியாகிவிடும். வெள்ளிக்கு அந்தக் கதி என்றால் பித்தளை எந்த மூலைக்கு? பினிஷிங் பிரிவிலிருந்து தின்னர் வாங்கி விளக்கின் மேல்பூச்சைத் துடைத்து எடுத்தேன். கண்ணாடி ஆடாமல் இருக்க ஒரு தோல் வாஷர் வெட்டிப் போட்டேன். விளக்கைக் கொண்டுபோய் யார்டு மேஸ்திரியிடம் கொடுத்தேன்.

"இன்னா போர்மேன், எங்களுக்கு வெளக்கு வாங்கியாந்துக்கினியா? இத்தினி நாளா இருட்டுல கெடந்தோம்."

"கிண்டல் பண்ணாத மேஸ்திரி. தொட்டிக்கு மேல கட்டித் தொங்க வுடு. கறுப்பாவணும்."

"கறுப்பாவணும்னா உன்னியும் கட்டலாமே. ஜாஸ்தி நாள் ஆவாது." அவர் ஆட்கள் சிரித்தார்கள். "வாடை அடிக்கிற வரிக்கும் பயமில்ல போர்மேன். வாடை தெரியலன்னா ஓடிடு. அப்போ மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்தது நீதான்."

அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நாய் மாதிரி மோந்து பார்த்துக்கொண்டே போனேன். வாடை அடித்தால் நிம்மதி. வாடையை நினைத்து நிம்மதி அடைந்த மனிதன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விளக்கு முதலில் மயில் கழுத்து மாதிரி நிறம் மாறியது, அப்புறம் பழுப்பு, அப்புறம் நல்ல கறுப்பு. வாரக் கடைசியில் இறக்கினால் எந்தத் தாத்தா காலத்துச் சாமானும் அதன் முன் நிற்க முடியாது. எனக்கே அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. உள்ளே ஸ்கூட்டர் பல்பு போட்டு, ஒயரை மோட்டாரின் பழைய ஓட்டை வழியாகவே கொண்டுபோய், படகின் பலகைக்கு அடியில் வைக்க ஒரு சின்ன பேட்டரியில் கொடுத்தேன். எரியவில்லை. தட்டினேன், எரிந்தது. விட்டேன், அணைந்தது.

அப்போதுதான் உறைத்தது. வெளியே கறுப்பான மாதிரியே உள்ளே பல்பு உட்காரும் இடமும், ஸ்விட்சும், ஒயர் நுனியும் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கறுப்பில் கரண்ட் போகாது. நான் போர்மேன். கரண்ட் வேலைக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறவன். உள்பாகத்தைக் கழற்றி எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் தொங்கவிட வேண்டும் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எரிந்தது. ஒரு மாதிரி எரிந்தது. அதற்குமேல் பார்க்கப் பயந்துகொண்டு துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தனியாகச் சர்ச்சுக்குப் போனாள். "உனுக்கும் சேத்து ஜெபம் பண்றேன். வெளக்குக்குத் தனியா பண்றேன்," என்றாள்.

பண்ணையில் மாமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவரும் பெரியவரும் பேடாவைச் சாப்பிட்டபடி பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மெதுவாக, சிரித்த முகத்தோடு, இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகளைப் பேச்சின் நடுவே நுழைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் சில பதில்களுக்கு முன்னால் கொஞ்சம் தாமதித்தார். அந்தத் தாமதம் ஒவ்வொன்றுக்கும் சின்னவர் டாக்டரைப் பார்த்தார்.

குட்டை ஓரத்தில் படகைக் கட்டி மோட்டாரை மாட்டினேன். துணியை எடுத்தேன். விளக்கைப் பார்த்ததும் சின்னவரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா இது?"

"கோடவுன்ல, பழைய மூட்டைக்குள்ள கெடச்சுது சார். மொதலாளி சொன்ன வெளக்கு," என்றது என் வாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மொதலாளிக்கு எல்லாம் கரெக்டா ஞாபகம் இருக்குது சார்," என்றும் சொன்னது. டாக்டர் பேடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "ஸ்டார்ட் பண்ணு."

கயிற்றை இழுத்தேன். அந்த மோட்டார் ஓடும் என்று நான் கனவிலும் நம்பவில்லை. இரண்டாவது இழுப்பிலேயே புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது. கொக்குகள் எழுந்து பறந்தன. நான் கைவைத்த காரியங்களில் அன்றைக்குச் சரியாக நடந்தது அது ஒன்றுதான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"வெளக்கப் போடு."

ஸ்விட்சைத் தட்டினேன். இல்லை. மறுபடி. இல்லை. உள்ளங்கையால் விளக்கின் மண்டையில் ஒன்று போட்டேன். மின்னல் மாதிரி ஒரு தடவை எரிந்து அணைந்தது. இன்னொன்று போட்டேன். படகு ஆடியது. நீச்சல் தெரியாதவன் படகின் பின்முனையில் நின்றுகொண்டு ஒரு விளக்கைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தால் கரையில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? காது சூடு கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது.

"வுட்றா, செத்துடப் போவுது. அதக் கழட்டிக் குடு."

கழற்றிக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோனார். அந்தத் தோல் வாஷர் ஒரு வாரத்து வாடையைக் குடித்து வைத்திருந்தது. அறுபது வருஷம் தோல் மோந்த மூக்கு.

"பழைய பித்தளைன்னா கை படுற எடம் தேஞ்சு மின்னும். மூலைல பச்சை ஏறியிருக்கும். இது பொம்பளைங்க கொலுசு மாதிரி சுத்தி ஒரே கறுப்பு." டாக்டரிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. இது எங்கப்பா வெளக்கில்ல. எங்க சுண்ணாம்பு யார்டு. இவன் புதுசா வாங்கி அங்க தொங்க வுட்டிருக்கான்."

டாக்டர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேடா அவருக்கு அதற்குப் பிறகு இறங்கவில்லை.

"அப்போ ஒரிஜினல் வெளக்கு?" என்றார் சின்னவர், கடைசி நம்பிக்கையோடு.

பெரியவர் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். "இன்னா ஒரிஜினல்? வெளக்கே கெடையாது. இருந்துச்சுன்னு சொல்லி வச்சேன். என்னப் பைத்தியம்னு சொல்றவன் யாரு, எனக்காகப் பொய் சொல்றவன் யாருன்னு பாக்கலாம்னு. ரெண்டு பேருமே இங்கதான் நிக்கிறானுங்க."

டாக்டர் கைதட்டாத குறை. "உங்கப்பாவுக்கு இருக்குற மூளை நமக்கு இல்லப்பா," என்றார் சின்னவரிடம். காரியம் முடிந்தது. எழுதிக் கொடுக்க எதுவும் இல்லை. நாற்காலி பெரியவருக்கே.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மொதலாளி, அந்த ரெண்டு ஓட்டை..." என்று ஆரம்பித்தது.

"இன்னா ஓட்டை? உன் மண்டைல இருக்குற ஓட்டையா?" எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர், சமையல்காரர், டாக்டர், சின்னவர்கூட. வழக்கமாக நான் சிரிக்கிற இடம் அது. பழக்க தோஷத்தில் நானும் சிரித்தேன்.

"இவன நாளைலேருந்து சுண்ணாம்பு யார்டுக்கு மாத்து," என்றார் பெரியவர் மகனிடம். "அங்கயே கெடக்கட்டும். நல்லாப் பழசாவான்."

"சரிப்பா," என்றார் சின்னவர். அப்பாவும் மகனும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பெரியவர் இந்தத் தடவை தடுக்காததால் மெயின்டனன்ஸும் கான்ட்ராக்டுக்குப் போனது.

யார்டில் மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். "வா வெளக்கு! எந்தத் தொட்டிக்கு மேல கட்டட்டும்?" அன்றிலிருந்து அங்கே என் பெயர் விளக்குதான். மனைவி என் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தாள். "ஓட்டையக் காட்டுனாப் போதும்னு சொன்னேன்," என்றாள். தினமும் சொன்னாள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஓட்டை நிஜம். விளக்கு நிஜம். அப்படியிருக்க, 'இல்லவே இல்லை' என்று பெரியவர் சொன்னது ஜெயிப்பதற்காகச் சொன்ன பொய் என்று எடுத்துக்கொண்டேன். தன் அப்பா துடைத்த விளக்கையே மகனுக்கு எதிராகத் தூக்கிப்போட்டிருக்கிறார், கூட என்னையும் சேர்த்து. வயிறு எரிந்தாலும், என்ன ஆள் பார் என்று உள்ளுக்குள் ஒரு வியப்பு இருந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு மத்தியானம், பெரியவர் தனியாகத் தடியை ஊன்றிக்கொண்டு யார்டுக்கு வந்தார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தேன். பக்கத்தில் வந்து, யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னாடா, நீ இங்க இன்னா பண்ற?"

நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "சரி, அத வுடு. நம்ம போட் மோட்டார்ல ஒரு வெளக்கு இருந்துச்சுல்ல, பித்தளை வெளக்கு? எங்கப்பா துணி வச்சுத் தொடப்பாரு. அது எங்க போச்சுன்னு கொஞ்சம் தேடிப் பாரேன்," என்றார்.

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மாமரத்தடி இல்லை, டாக்டர் இல்லை, நான் அறைந்த விளக்கு இல்லை. அவருக்குள் எதுவுமே மிச்சம் இல்லை. அப்படியென்றால் பண்ணையில் விளக்கே கிடையாது என்றது ஜெயிப்பதற்காகச் சொன்ன பொய்தானா, அல்லது அந்த நிமிஷத்தில் விளக்கு மறந்துபோய்ச் சமாளித்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இருந்துச்சு மொதலாளி, ரெண்டு ஓட்டை இருக்குது, நானே பார்த்தேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த உண்மை என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க என்னை விளக்கு என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"வெளக்கா?" என்றேன். "அதுல வெளக்கே கெடையாதே மொதலாளி."

அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கிப் போனதைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் கையை விட்டுவிட்ட குழந்தைக்கு அந்த முகம் வரும். வாய் கொஞ்சம் திறந்து, கண் என் முகத்தில் எதையோ தேடி, கிடைக்காமல். எத்தனையோ பேர் முகத்தை அப்படி ஆக்கியவர் அவர். அவருக்கு அது பொருந்தவே இல்லை.

உடனே எனக்குக் காது சூடாகிவிட்டது. "இல்ல மொதலாளி, இருந்துச்சு, இருந்துச்சு, நான் சும்மா..." என்று வாய் ஓடியது. வழக்கம்போல நேரம் கெட்ட நேரத்தில். அவர் அதைக் கேட்கவில்லை. இருந்தது, இல்லை, இருந்தது என்று மாற்றி மாற்றிச் சொல்கிறவனை அவர் என்றைக்கு நம்பியிருக்கிறார்?

என் கையைப் பிடித்தார். சுண்ணாம்பு பட்டு வெடித்துப்போன கை. அவர் பிடியில் எரிந்தது.

"நான் கேட்டேன்னு பையன்கிட்ட சொல்லிடாத," என்றார்.

சொல்லவில்லை. கடைசிவரைக்கும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அவர் போன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவர் போன மறுவாரம் சின்னவர் மோட்டாரைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். நான் இன்னும் யார்டில்தான் இருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் மோந்து பார்த்துக்கொள்கிறேன். வாடை இன்னும் அடிக்கிறது.